நாலாம் நம்பருக்கு ஒரு தும்மல்

வாசனையில் தோய்த்த காகிதப் பட்டையை மூக்குக்குக் கீழே மூன்றாவது முறையாக ஆட்டிப் பார்த்தார் மூக்கு சார். ஒன்றும் வரவில்லை. பட்டையைத் திருப்பிப் பிடித்து ஆட்டினார். பிறகு யாரும் சந்தேகப்படாதபடி மேஜைமேல் இருந்த தண்ணீர் தம்ளரை எடுத்து மோந்து பார்த்தார். இரண்டுக்கும் எள்ளளவு வித்தியாசம் தெரியவில்லை.

எதிரே அவருடைய உதவியாளர் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மல்லிகை கொஞ்சம் தூக்கல்" என்றார் மூக்கு சார், பொத்தாம்பொதுவாக.

"நானும் அதையேதான் சார் நினைச்சேன்!" உதவியாளர் எழுதிக்கொண்டார்.

"ஆனா அடியில ஒரு... ஒரு கனம் இருக்கு."

"இருக்கு சார். நல்ல கனம்."

இந்த உதவியாளருக்குத் தொழிற்சாலையில் தலையாட்டி என்று பெயர். மூக்கு சாருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்த சோப்புத் தொழிற்சாலையில் எந்த வாசனையும் அவருடைய மூக்கைத் தாண்டாமல் வெளியே போனதில்லை. வாசல் காவலாளியிலிருந்து முதலாளி வரை எல்லோருக்கும் அவர் மூக்கு சார்தான்.

அந்த மூக்கைப் பற்றி ஒரு கதையும் உண்டு. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு புது வாசனையை மோந்தவுடன் அவர் அச்சென்று தும்மினார். அந்த சோப்பு விற்ற விற்பில் முதலாளி புது மாடியே கட்டிவிட்டார். அன்றிலிருந்து மூக்கு சார் தும்மினால் சோப்பு விற்கும் என்பது தொழிற்சாலையின் அசைக்க முடியாத நம்பிக்கை. அன்று அவருக்கு ஜலதோஷம் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

வாசனை பார்க்கும் அறைக்கு மணவறை என்று பெயர் வைத்திருந்தார்கள். உள்ளே போனால் பெரியவர் பேசும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது என்பது அங்கே விதி. பொருத்தமான பெயர்தான் என்று கல்யாணமானவர்கள் சொல்லிக்கொள்வார்கள். நான்கு மாதத்துக்கு முன்னால் வெளியே லாரிப் புகை வருகிறது, அது வாசனையைக் கெடுக்கிறது என்று சொல்லி அந்த அறையின் ஜன்னல்களை எல்லாம் ஒட்டுப் பட்டை போட்டு அடைக்க வைத்தவர் மூக்கு சார்தான். காற்றை வெளியே தள்ளும் விசிறியையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். "மூக்குன்னா இது மூக்கு! என்ன கவனம் பாரு!" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் அவர் தோளைத் தட்டினார்.

அப்பேர்ப்பட்ட மூக்குதான் மூன்று வாரமாக முகத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. மூச்சு விடுவதைத் தவிர வேறு எந்த வேலைக்கும் அது தயாராக இல்லை. விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். ஐம்பது வயதில், மோந்து பார்ப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாத ஒரு மனுஷனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

வீட்டில் குட்டு உடைந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு மனைவி குளிக்கப் போனார். அவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையில் துண்டோடு மனைவி ஓடிவந்தபோது வீடே புகையாக இருந்தது.

"பால் தீஞ்சு போய், பாத்திரமும் தீஞ்சு போய், இப்ப அடுப்பே தீயப்போகுது! ஏங்க, உங்க மூக்கு என்ன வெளியூர் போயிருக்கா?"

மூக்கு சார் பேப்பரை மடித்தார். கண் கலங்கிவிட்டது.

"ஆமா" என்றார்.

மனைவி அதன் பிறகு சத்தம் போடவில்லை. பாத்திரத்தை ஊற வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நாளைக்கே டாக்டர்கிட்ட போறீங்க. நான் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன், போதுமா?"

காது மூக்கு தொண்டை டாக்டர் அவசரமே இல்லாத மனிதர். சின்னச் சின்னப் புட்டிகளை மூக்கருகே நீட்டினார். கிராம்பு, எலுமிச்சை, காப்பித்தூள். மூக்கு சார் மூன்றையும் தண்ணீர் என்றார். பிறகு டாக்டர் விளக்கு வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்.

"அடைப்பு இல்ல, சதை வளரல, சளியும் இல்ல. தலையில அடி கிடி பட்டுச்சா?"

"இல்ல டாக்டர்."

"சமீபத்துல காய்ச்சல்?"

"இல்ல."

"என்ன வேலை பாக்குறீங்க?"

இங்கேதான் மூக்கு சார் முதல் தப்பைச் செய்தார். "ஆபீஸ் வேலை டாக்டர். ஃபைல் பாக்குறது" என்றார். சோப்புக் கம்பெனியில் வாசனை பார்ப்பவன் என்று சொன்னால் டாக்டரே சிரித்துவிடுவார் என்று பயம்.

"அப்ப ஒரே வழிதான். மூக்கோட கூரையில, மேல, வாசனையைப் பிடிக்கிற செல்கள் இருக்கிற இடம் இருக்கு. அங்கிருந்து ஒரு கடுகளவு திசு எடுத்து மைக்ராஸ்கோப்புல பாத்துடலாம். அந்த செல்கள் இருக்கா, செத்துப் போச்சா, அந்த இடத்துல வேற ஏதாவது முளைச்சிருக்கான்னு தெரிஞ்சா, காரணமும் ஓரளவு தெரிஞ்சிடும்."

"கூரையில இருந்தா?" மூக்கு சாருக்கு வியர்த்தது.

"மரத்துப்போக மருந்து வச்சுடுவோம். ஒண்ணும் தெரியாது."

"வலிக்குப் பயமில்ல டாக்டர். இது யாருக்கும் தெரியக்கூடாது."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க" என்றார்.

திசு எடுத்து முடித்ததும் ஆய்வுக்கூடத்துக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா பொட்டளவு டப்பா ஒன்றில் பெயர் ஒட்டினார். படிவத்தில் கம்பெனி முகவரி கட்டாயம் வேண்டும் என்றார். காப்பீட்டுக்காகவாம். வேறு வழியில்லாமல் எழுதிக்கொடுத்தார் மூக்கு சார். அந்த அம்மா முகவரியைப் படித்துவிட்டு அவரை ஒரு மாதிரி பார்த்தார். "முடிவு வர பத்து நாள் ஆகும் சார். போய்ட்டு வாங்க."

மறுநாள் வலது மூக்கில் பஞ்சோடு தொழிற்சாலைக்குள் நுழைந்தார்.

"ஐயய்யோ, என்ன சார் ஆச்சு?" என்றார் தலையாட்டி.

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"நானும் அப்படித்தான் சார் நினைச்சேன்."

முதலாளிதான் அவ்வளவு சுலபமாக விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். பஞ்சை உற்றுப் பார்த்தார்.

"கதவா?"

"ஆமாங்கய்யா. குளியலறைக் கதவு."

"ராத்திரி ரெண்டு தலகாணி வச்சுப் படுய்யா. தும்மல் வந்தா வாயைத் திறந்துக்கிட்டுத் தும்மு. மூக்கை மட்டும் சிந்திடாத. மூணாம் நாள் ஒரு குறுகுறுப்பு வரும், அதுக்குப் பயப்படாத."

மூக்கு சார் பஞ்சைக் கையால் மறைத்துக்கொண்டார். வார்த்தைக்கு வார்த்தை டாக்டர் சொன்ன அதே புத்திமதி! கதவில் இடித்துக்கொண்டவனுக்கு எதற்கு ரெண்டு தலகாணி? கிழவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் எலியோடு பூனை விளையாடுகிறது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் புலம்பித் தீர்த்தார்.

"தெரிஞ்சிருந்தா இந்நேரம் சீட்டைக் கிழிச்சிருப்பாருங்க" என்றார் மனைவி. "எதுக்கும் நீங்க வாசனை நல்லாத் தெரியுற மாதிரியே நடந்துக்குங்க."

நடந்துகொண்டார். அளவுக்கு மீறியே நடந்துகொண்டார். அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் முதலாளி வந்தபோது, "ஆஹா, ஐயா இன்னைக்கு ரோஜா சென்ட்!" என்றார்.

முதலாளி திடுக்கிட்டுத் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். "ஆ... ஆமா. ரோஜாதான். ரோஜாவேதான்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். அவர் அன்று சென்ட் பூசவே இல்லை, வரும் வழியில் மூட்டுவலித் தைலம்தான் தடவிக்கொண்டு வந்தார் என்று டிரைவர் பிறகு சொன்னார். மூக்கு சார் நொந்துபோனார். என்ன நாகரிகமான மனுஷன், தப்பாகச் சொன்னதைக்கூட நாலு பேர் முன்னால் மறுக்கவில்லையே என்று அவர்மேல் மரியாதையும் பயமும் ஒரே நேரத்தில் கூடின.

அதற்குள் அடுத்த இடி இறங்கியது. நூற்றுக்கணக்கான கடைகள் வைத்திருக்கும் ஒரு பெரிய வியாபாரக் குழுமம் புது சோப்பு கேட்டிருந்தது. ஐந்து வாசனைகள் தயாராக இருந்தன. எதைத் தேர்ந்தெடுப்பது என்று மூக்கு சார் ஒருவர் சொன்னால் போதாதாம். வழக்கமாக மணவறையில் உட்காரும் கம்பெனியின் ஐந்து முக்கிய மூக்குகளும் தனித்தனியாகச் சீட்டு எழுத வேண்டுமாம். முதலாளி, மூக்கு சார், தலையாட்டி, விற்பனை மேலாளர் அம்மா, கிடங்குப் பொறுப்பாளர். யாரும் யாரையும் கேட்கக்கூடாது, பேசக்கூடாது.

"என்னய்யா பண்றது, வாங்குறவன் கேக்குறான்" என்றார் முதலாளி. அவர் முகமும் அவ்வளவு மலர்ச்சியாக இல்லை.

மூக்கு சார் ஐந்து சின்னக் குப்பிகளையும் சாப்பாட்டு டப்பாவுக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுபோனார். சொந்தத் தொழிற்சாலையில் திருடுவது இருபத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. காவலாளி சல்யூட் அடித்ததற்கு, "சாப்பாடுதான், வெறும் சாப்பாடு!" என்று பதில் சொன்னார்.

மனைவி டப்பாவைத் திறந்து, கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். மூக்கு சார் சீட்டும் பேனாவுமாகக் காத்திருந்தார்.

"ஒண்ணு, பல்பொடி மாதிரி."

"ம்."

"ரெண்டு... அடடா! மழை பெஞ்சு விட்டதும் தோட்டத்துப் பக்கம் போனா வருமே, அது. இதுல சோப்பு வந்தா நானே வாங்குவேன்."

"மூணு?"

"ஆஸ்பத்திரி வராந்தா. அஞ்சு, உங்க அக்கா வர்றதுக்கு முன்னாடியே வாசல்ல வந்து நிக்குமே, அந்த சென்ட்."

"நாலை விட்டுட்டியே?"

மனைவி நாலாம் குப்பியைக் கைநீளத்துக்குத் தள்ளி வைத்திருந்தார். "ஈரத் துடைப்பத்தைச் சாக்குல சுத்தி மூணு நாள் மூடி வச்ச மாதிரி இருக்குங்க. இதையா மனுஷன் மேல தேய்க்கப் போறீங்க?"

மூக்கு சார் நிம்மதியாகத் தூங்கினார். ரெண்டு. ரெண்டு. ரெண்டு. காலையில் பல் தேய்க்கும்போதும் ரெண்டு. பேருந்தில் நடத்துனர் எத்தனை டிக்கெட் என்று கேட்டதற்கும் ரெண்டு என்றார்.

மணவறைக் கதவை மூடினார்கள். அடைத்த ஜன்னல், நின்றுபோன விசிறி, நடுவில் நீள மேஜை. ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். குப்பியில் தோய்த்த பட்டைகள் ஒவ்வொருவர் கைக்கும் வந்தன. ஒன்றாம் நம்பரை ஐந்து பேரும் கண்ணை மூடிக்கொண்டு மோந்தார்கள். விற்பனை மேலாளர் அம்மா "ம்ம்ம்" என்று ரசித்தார். உடனே கிடங்குப் பொறுப்பாளரும் "ம்ம்ம்" என்றார். முதலாளி ஒரு கண்ணை மட்டும் திறந்து மூக்கு சாரைப் பார்த்தார். சோதிக்கிறார், என்னைச் சோதிக்கிறார் என்று மூக்கு சார் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டார்.

இரண்டு போயிற்று. மூன்று போயிற்று. நாலாம் பட்டையைத் தூக்கியபோது காயம் ஆறிக்கொண்டிருந்த இடத்தில் முதலாளி சொன்ன அந்தக் குறுகுறுப்பு கிளம்பியது. உதட்டைக் கடித்தார். தொடையைக் கிள்ளிக்கொண்டார். பலிக்கவில்லை.

"அ... அ... அச்ச்ச்சூ!"

நாலு ஜோடிக் கண்களும் அவர்மேல். பிறகு நாலு பேனாக்களும் ஒரே நேரத்தில் காகிதத்தில் இறங்கின. ஐந்தாம் பட்டையைத் தொடக்கூட யாருக்கும் பொறுமை இல்லை.

மூக்கு சாரின் பேனா ரெண்டு என்று எழுதப் போய்த் தயங்கி நின்றது. தலையாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு குழந்தைகூடப் படிக்கும்படி பெரிதாக 4 என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கம் மேலாளர் அம்மாவும் கிடங்குப் பொறுப்பாளரும் நாலு. முதலாளி எழுதி அடிக்கோடே போட்டுவிட்டார். தேர்ந்த மூக்குகள் நாலு ஒரு பக்கம், பால் காய்ச்சும் மூக்கு ஒன்று ஒரு பக்கம். எதை நம்புவது? மூக்கு சார் கடவுளை நினைத்துக்கொண்டு நாலு என்று எழுதினார்.

"ஐந்துக்கு ஐந்து!" என்று முதலாளி எழுந்து கைதட்டினார். அவர் கண்ணில் நீர் நின்றது. "என்ன வாசனைய்யா! கதவைத் திறக்குறதுக்குள்ள ஆளைத் தூக்குது! நாளைக்கே மிஷினை ஓட்டுங்க!"

மூக்கு சார் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தார். "உனக்கும் மூக்கு போச்சு."

"என்னது?"

"நாலாம் நம்பர்தான் அருமைன்னு நாலு பேரும் எழுதியிருக்காங்க. நீ துடைப்பம்னு சொன்ன. என்கிட்ட இருந்து உனக்கும் ஒட்டிக்கிச்சு."

"ஏங்க, துடைப்பம் துடைப்பம்தாங்க! நாலு பேர் என்ன, நாப்பது பேர் எழுதினாலும் துடைப்பம்தான்!"

"முதலாளி கண்ணுல தண்ணியே வந்துடுச்சு தெரியுமா?"

"வராம? எனக்கும்தான் வந்துச்சு!"

நாலு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. மூக்கு சாருக்கு மனம் அடித்துக்கொண்டது. தன் மூக்கு போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. தன்னால் இவளுக்கும் வந்துவிட்டதே என்று உண்மையாகவே துக்கப்பட்டார். பத்தாம் நாள் முடிவு வாங்கப் போகும்போது கையோடு மனைவியையும் இழுத்துக்கொண்டு போனார்.

"முதல்ல இவளைப் பாருங்க டாக்டர். பாவம், சின்ன வயசுல இருந்தே நல்ல மூக்கு."

டாக்டர் புட்டியை நீட்டினார். மனைவி மூடியைத் திறப்பதற்கு முன்பே சொன்னார். "கிராம்பு. அது எலுமிச்சை. அந்தக் காப்பித்தூள் பழசு, மாத்துங்க. அப்புறம் டாக்டர், மத்தியானம் சாப்பிட்ட ஆரஞ்சுத் தோலை ஏன் இடது பாக்கெட்டுல வச்சிருக்கீங்க?"

டாக்டர் பாக்கெட்டில் கையைவிட்டு ஆரஞ்சுத் தோலை எடுத்து மேஜைமேல் வைத்தார். "அம்மா மூக்கு தங்கம்" என்றார்.

மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நாலு நாள் பேச்சும் இருந்தது.

டாக்டர் அறிக்கையைப் பிரித்தார். "உங்க திசுவுல வாசனை செல்கள் ரொம்ப மெலிஞ்சு போயிருக்கு. ஆனா அடியில புதுசா முளைக்கிற செல்கள் உயிரோட இருக்கு. கிருமி வேலை மாதிரி தெரியல. ஸ்பிரிட், கரைப்பான் இந்த மாதிரி ஆவியை மூடின அறைக்குள்ள மாசக்கணக்கா சுவாசிச்சா இப்படி ஆகலாம். ஃபைல் பாக்குற ஆபீஸ்ல ஏது சார் ஆவி?"

மூக்கு சார் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சோப்பு, மணவறை, ஸ்பிரிட்டில் கரைத்த வாசனை, பட்டை, ஜன்னல்.

"ஜன்னலை யார் அடைக்கச் சொன்னது?"

"நான்தான் டாக்டர்."

"விசிறி?"

"அதையும் நான்தான்."

டாக்டர் ஏதோ கணக்குப் புரிந்தவர்போல அறிக்கையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. "இன்னைக்கே திறந்து விடுங்க. கொஞ்ச நாள் அந்த அறைப் பக்கம் போகாதீங்க. ஆறேழு மாசத்துல திரும்பி வர நல்ல வாய்ப்பு இருக்கு" என்று சொல்லிவிட்டு அவசரமாக உள்ளே போய்விட்டார்.

வெளியே வரும்போது செல்பேசி அடித்தது. முதலாளி. "மூக்கு, நாலாம் நம்பர் முதல் லாரி கிளம்பிடுச்சுய்யா! அறுபதாயிரம் சோப்பு! எல்லாம் உன் தும்மல்!"

மனைவி பக்கத்தில் நின்று, "துடைப்பம்" என்று மட்டும் சொன்னார்.

மூக்கு சார் செல்பேசியை அணைத்தார். இனி மறைக்க முடியாது. ஜன்னலைத் திறக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். மணவறைக்குப் போகாவிட்டால் எதற்குச் சம்பளம் என்று கேட்பார்கள். கவுன்ட்டரில் அந்த அம்மா பதிவேட்டை நீட்டி, அறிக்கை வாங்கியதற்குக் கையெழுத்துக் கேட்டார். மூக்கு சார் வேறு யாருடைய கட்டத்திலோ கையெழுத்துப் போடப் போனார்.

"என்ன சார், உடம்பு சரியில்லையா?"

"உடம்பு கிடக்கட்டும்மா. எங்க முதலாளி மூக்கு புலி மூக்கு. எனக்கு வாசனை தெரியாதுன்னு அவருக்குத் தெரிஞ்சா நான் தொலைஞ்சேன்."

அந்த அம்மா பதிவேட்டின் பக்கத்தைப் பின்னால் புரட்டி, விரலை மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டே சொன்னார்:

"கவலைப்படாதீங்க சார், உங்க கம்பெனியில இருந்து வந்த அஞ்சு மூக்குல உங்களோடதுதான் கடைசி, முதல்ல வந்த உங்க முதலாளி, 'எங்க மூக்கு சாருக்கு மட்டும் இது தெரியவே கூடாது'ன்னு இதே இடத்துல நின்னு அழுதுட்டுப் போனாரு."